திருமணிமுத்தாற்றில் இறங்குவதற்கு முன் ஓடைகளை எண்ணுங்கள்

கேள்வி இதுதான்: சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஓர் இளைஞர் குழு, முப்பது பேர். ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து 5 லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறது. அதில் மிதக்கும் குப்பைத் தடுப்பு போடலாமா, ஈ.எம். உருண்டை (நன்மை செய்யும் நுண்ணுயிர் கலந்த மண் உருண்டை) வாங்கி ஆற்றில் வீசலாமா, சென்சார் வைக்கலாமா? எதைச் செய்தால் திருமணிமுத்தாறு தேறும்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருண்டை வேண்டாம். தடுப்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். சென்சார் வேண்டும், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. ஆற்றில் வந்து விழும் ஒவ்வொரு ஓடையையும் சாக்கடையையும் கண்டுபிடித்து, எது எவ்வளவு கொண்டுவருகிறது என்று அளந்து, பெரியதிலிருந்து ஒவ்வொன்றாக அடைப்பதுதான் வேலை. இதில் ஆட்கள் செய்ய வேண்டியது பாதி, கருவி செய்ய வேண்டியது பாதி. ஒன்றை விட்டு மற்றது ஓடாது.

காரணம், இந்த ஆற்றுக்கு வருடத்தின் பெரும்பகுதி சொந்தத் தண்ணீர் கிடையாது. சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் புறப்பட்டு, சேலம் நகருக்குள் நுழைந்து, உத்தமசோழபுரம் வழியாக நாமக்கல் மாவட்டத்துக்குள் போய், நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. மழை நின்று சில வாரங்கள் ஆனதும் மலைத் தண்ணீர் வற்றிவிடும். அப்புறம் நகருக்குள் ஓடுவது முழுக்க நாம் விட்டதுதான். கலந்து நீர்த்துப் போக நல்ல தண்ணீர் இல்லாத ஆற்றில், ஆற்றுக்குள்ளேயே செய்யும் எந்த வைத்தியமும் எடுபடாது. 2018-இல் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் ஆறு. அவற்றில் திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி என்று மூன்று நம் சேலம் மாவட்டத்தில் ஓடுபவை. மூன்றும் முதல் தரவரிசையில், அதாவது பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல். குளிக்கத் தகுந்த ஆற்றில் அது 3-ஐத் தாண்டக் கூடாது.

பி.ஓ.டி. என்றால் தண்ணீரில் உள்ள அழுகும் பொருளைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதன் அளவு. இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். செறிவு ஒரு பாதி, ஓட்டம் இன்னொரு பாதி. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் சுமை. ஒரு பெரிய சாக்கடையில் விநாடிக்கு 25 லிட்டர் வருகிறது, பி.ஓ.டி. 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 130 கிலோ. பக்கத்திலேயே கால்வாய் என்று சொல்லவும் தகுதியில்லாத ஒரு குழாயில் விநாடிக்கு 2 லிட்டர், ஆனால் ஜவ்வரிசி ஆலைத் தண்ணீர், பி.ஓ.டி. 3000. ஒரு நாளைக்கு 518 கிலோ. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது முதலாவது. ஆற்றைக் கொல்வது இரண்டாவது, அதுவும் நான்கு மடங்கு.

ஆகவே முதல் மாத வேலை நடை. உங்கள் பகுதியில் ஆற்றின் இரு கரையிலும் 5 கிலோமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். விழும் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு எண், போனில் இருப்பிடக் குறி, ஒரே கோணத்தில் ஒரு படம், வாசனை, நிறம். காலை 6 முதல் 9 வரை ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, இரவு பாலத்தின் மேல் நின்று ஒரு தடவை. காலையில் வீட்டுக் கழிவுநீர் உச்சத்தில் இருக்கும். இரவில்தான் பட்டறை, ஆலைக் கழிவுகள்.

ஓட்டத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். குழாயாக இருந்தால் 20 லிட்டர் வாளியும் போனில் உள்ள கடிகாரமும். வாய்க்காலாக இருந்தால் நேராக ஓடும் 10 மீட்டரை அளந்து, ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டு எத்தனை விநாடியில் கடக்கிறது என்று மூன்று முறை பாருங்கள். மேற்பரப்பு வேகம் அடியில் உள்ளதைவிட அதிகம்; ஆகவே கிடைத்த வேகத்தை 0.85-ஆல் பெருக்கி, அகலம், சராசரி ஆழம் இரண்டாலும் பெருக்க வேண்டும். தெர்மகோல் துண்டு போடாதீர்கள், காற்று தள்ளிவிடும். நிரந்தரமாக அளக்க வேண்டிய ஓடையில் 90 பாகை முக்கோண வெட்டு போட்ட ஒரு தகடு வைத்தால் இன்னும் துல்லியம். வெட்டின் முனையிலிருந்து நீர்மட்டம் 10 செ.மீ. என்றால் விநாடிக்கு 4.4 லிட்டர், 20 செ.மீ. என்றால் 25 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரத்தைத் தகட்டிலேயே அளக்கக் கூடாது, அங்கே தண்ணீர் வளைந்து இறங்கும். தண்ணீர் வரும் பக்கம் ஒரு மீட்டர் தள்ளி அளவுகோல் நட்டுப் படிக்க வேண்டும். அதே பக்கம் தகட்டை ஒட்டிச் சேறு சேர்ந்துகொண்டே இருக்கும், வாரம் ஒருமுறை அள்ளாவிட்டால் எண் பொய்யாகிவிடும்.

அடுத்தது, என்ன வருகிறது என்று கண்டுபிடிப்பது. சேலத்தில் நான்கு வகைதான் முக்கியம்: வீட்டுக் கழிவு, சாயப்பட்டறை, ஜவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை. நான்கும் தண்ணீரில் வெவ்வேறு கைரேகை விடும். அதைப் படிக்கத் தேவையானது ஒரு இ.சி. மீட்டர், அதாவது மின்கடத்துத் திறன் அளக்கும் பேனா, கொஞ்சம் பி.எச். தாள் (அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும்; 7 நடுநிலை), உங்கள் மூக்கு.

வீட்டுக் கழிவின் இ.சி., அந்தப் பகுதியில் பயன்படுத்தும் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதலாக, நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஓட்டம் மட்டும் காலையிலும் மாலையிலும் ஏறும். பி.எச். 7 அருகே. சாயத் தண்ணீர் அப்படி வராது. பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறார்கள், சாயம் நூலில் பிடிக்கச் சோடா உப்பும் சேர்க்கிறார்கள். அதனால் திறந்துவிடும்போது இ.சி. திடீரென்று பல மடங்கு எகிறும், பி.எச். 9, 10 என்று மேலே போகும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. சில பட்டறைகளில் பிளீச் போட்டோ படிகாரம் போட்டோ நிறத்தை மட்டும் எடுத்துவிட்டு வெளியே விடுவார்கள். பார்க்கச் சாதாரணச் சாக்கடை மாதிரியே இருக்கும். நிறம் போனாலும் உப்பு அப்படியே இருக்கிறது; இ.சி. மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். நிலத்தையும் கிணற்றையும் கெடுப்பதும் அந்த உப்புதான்.

ஜவ்வரிசித் தண்ணீர் புளித்த மாவு வாசனையோடு வெளுப்பாக வரும், பி.எச். 4, 5 என்று இறங்கியிருக்கும். மரவள்ளி அறுவடைக் காலத்தில் அதிகம், மற்ற மாதங்களில் ஓய்ந்துவிடும். கொலுசுப் பட்டறைக் கழிவு அளவில் சொற்பம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துச் சந்துச் சாக்கடையில் சில நிமிடம் பச்சை கலந்த நீலமாக ஓடி மறையும். அது நைட்ரிக் அமிலத்தில் கரைந்த செம்பு. பி.எச். சட்டென்று விழுந்து திரும்பவும் ஏறிவிடும்.

நுரையைப் பற்றி ஒரு வார்த்தை. தடுப்பணைக்குக் கீழே மலைபோல் வெள்ளை நுரை வந்தால் உடனே சாயப்பட்டறை மேல் பழி விழுகிறது. நுரைக்குப் பெரும்பாலும் சோப்பு, டிடெர்ஜென்ட், அழுகிய கரிமப் பொருள், இவையும் தண்ணீர் உயரத்திலிருந்து விழும் வேகமும் போதும். சாயப்பட்டறையில் துணி அலசும் சோப்பும் அதில் சேரலாம்தான். ஆனால் நுரைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பட்டறையைக் கைகாட்டினால், அவர்கள் ஒரு நிமிடத்தில் உங்கள் வாதத்தை உடைத்துவிடுவார்கள்.

இப்போது சென்சாருக்கு வருவோம். ஆற்றின் நடுவில் ஒரு பெரிய நிலையம் வைத்து பி.ஓ.டி., அம்மோனியா, பி.எச். எல்லாவற்றையும் நேரலையில் காட்டுகிறோம் என்று யாராவது விலை சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். பி.எச். கண்ணாடி முனை சாக்கடையில் சில மாதம்கூட ஒழுங்காகப் படிக்காது. மலிவான நேரலைக் கருவிகள் பி.ஓ.டி.யை அளப்பதில்லை, வேறொன்றை அளந்து அனுமானிக்கின்றன. இ.சி. ஒன்றுதான் சேற்றிலும் தாக்குப்பிடிக்கும், இரவு திருட்டுத் திறப்பைப் பிடிக்க அது போதும். பி.எச்.-ஐத் தாளை வைத்து ஆட்களே பார்க்கட்டும்.

ஒரு இ.சி. பதிவுக் கருவிக்கு வேண்டியவை: ஈ.எஸ்.பி.32 பலகை (கருவியின் மூளையான சின்னக் கணினிச் சில்லு), கே மதிப்பு 1 உள்ள இ.சி. முனை, டி.எஸ்.18பி20 வெப்பமானி, 4ஜி சிம் மாட்யூல், நினைவக அட்டை, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 10 வாட் சோலார் தகடு, தண்ணீர் புகாத பெட்டி. பாலிடெக்னிக் மாணவர்கள் இரண்டு பேர் இருந்தால் கட்டிவிடலாம். 20 முதல் 25 ஆயிரம் ரூபாய்க்குள் முடியும் என்பது என் கணக்கு. 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து அளந்து, அட்டையில் எழுதி, மணிக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். அட்டையில் எழுதுவதை விட்டுவிடாதீர்கள்; சிக்னல் போன இரவில்தான் தண்ணீர் திறப்பார்கள்.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சிம் மாட்யூல் டவரைத் தேடும்போது ஒரு கணம் 2 ஆம்பியர் வரை இழுக்கும்; மெல்லிய ஒயர் போட்டிருந்தால் மின்னழுத்தம் சரிந்து கருவி திரும்பத் திரும்பப் புதிதாகத் தொடங்கும். தடித்த ஒயரும், மாட்யூலின் காலடியிலேயே 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் இதைத் தீர்க்கும். இ.சி. வெப்பத்தோடு பாகைக்குச் சுமார் 2 சதவீதம் ஏறும். 25 பாகைக்குத் திருத்தாவிட்டால் வெயில் ஏறுவதையே கழிவு என்று படித்துவிடுவீர்கள். பி.எச். முனையும் இ.சி. முனையும் ஒரே பலகையில், மின்தனிமைப்படுத்தல் இல்லாமல், ஒரே தண்ணீரில் இருந்தால் ஒன்றையொன்று கெடுக்கும். நீர்மட்டம் பார்க்க மீயொலிக் கருவி வைத்தால் நுரை ஒலியை உறிஞ்சிவிடும், எண் தாறுமாறாகத் துள்ளும். நம் ஆற்றுக்கு அது சரிப்படாது, பாலத் தூணில் பெயின்ட் அடித்த அளவுகோல் போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி வழுவழுப்பு. சாக்கடையில் மூன்று நான்கு நாளில் முனை மேல் பாசியும் நுண்ணுயிர்ப் படலமும் படர்ந்து அளவு கீழே சரியும். 4 அங்குல பி.வி.சி. குழாயில் 10 மி.மீ. துளைகள் போட்டு, அதற்குள் முனையைத் தொங்கவிட்டு, பாலத் தூணில் தண்ணீர் போகும் பக்கம் கட்டுங்கள். தண்ணீர் வரும் பக்கம் கட்டினால் ஒரே நாளில் பாலிதீன் பை சுற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை தூக்கி, மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷும் வெள்ளை வினிகரும் வைத்துத் துடைத்து, 1413 மைக்ரோசீமன்ஸ் (இ.சி.யின் அலகு) என்று அளவு தெரிந்த திரவத்தில் நனைத்துச் சரிபார்த்து, துடைப்பதற்கு முன்பும் பின்பும் காட்டிய எண்களை நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டு இல்லாத தரவை அதிகாரி எவரும் மதிக்க மாட்டார். அப்புறம், நீர் வற்றி முனை காற்றில் தொங்கினால் எண் பூஜ்ஜியம் வரும். அதைச் சுத்தமான தண்ணீர் என்று கொண்டாடிவிடாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் வெறுமனே கவனியுங்கள், அந்த ஓடையின் வழக்கமான கோடு எது என்று தெரிய. அதற்குப் பிறகு நடு இரவு 1 மணிக்கு வழக்கமாக 1800 காட்டும் இடத்தில் 7000 ஏறி, இரண்டு மணி நேரத்தில் இறங்கினால் விஷயம் இருக்கிறது. மழை நாட்கள் இன்னும் தெளிவு. மழைத் தண்ணீரில் உப்பு இல்லை, ஆகவே மழை பெய்தால் இ.சி. இறங்கியாக வேண்டும். தூறல் தொடங்கியவுடன் ஏறினால், மழையைச் சாக்கிட்டு யாரோ தொட்டியைத் திறந்திருக்கிறார்கள்.

மூன்று கருவி கையில் இருந்தால் பாதி பாதியாகத் தேடலாம். ஓடையின் வாயில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. உச்சம் நடுவில் தெரிந்து மேலே தெரியவில்லை என்றால் இடையில் உள்ள பகுதியை மறுபடி இரண்டாகப் பிரியுங்கள். நான்கைந்து நகர்த்தலில் ஒரு தெருவுக்கு வந்துவிடுவீர்கள். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டறைக்குள் நுழைவது, வீடியோ எடுத்துப் பெயரோடு போடுவது, வாசலில் சண்டை, எதுவும் வேண்டாம். மேன்ஹோலைத் திறந்து எட்டிப் பார்ப்பது அறவே கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் மூக்குக்கு வாசனை தெரிவதற்குள் ஆள் விழுந்துவிடுவார்.

ஆக்சிஜன் அளவைப் பொறுத்தவரை, விங்க்லர் முறைக் கிட் ஒன்று வாங்குங்கள். 300 மில்லி கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீர் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட் 2 மில்லி, காரம் கலந்த அயோடைடு 2 மில்லி, இரண்டையும் சொட்டுக்குழாய் முனை நீருக்குள் மூழ்கியிருக்கும்படி விட்டு, மூடித் தலைகீழாகப் புரட்ட வேண்டும். பழுப்பு நிறத் திரள் இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. பால் மாதிரி வெள்ளையாகவே நின்றால் துளியும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஆறு செத்திருப்பதைக் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. எண்ணே சொல்லத் தேவையில்லை. திரளைக் கரைக்க ஊற்றும் அடர் கந்தக அமிலத்தை மட்டும் பெரியவர்கள் கையுறை போட்டுக் கையாளட்டும்.

குடிநீர்ச் சோதனைக்குப் பயன்படும் எச்.டூ.எஸ். குப்பி, 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் மலக்கழிவுக் கலப்பு என்று சொல்வது, எங்கும் கிடைக்கிறது. அதைச் சாக்கடையில் வைத்து வீணடிக்காதீர்கள், எப்போதும் கறுக்கத்தான் செய்யும். ஆற்றோரக் கிணறுகளிலும் போர்வெல்லிலும் வைத்துப் பாருங்கள். கரையோரம் வசிப்பவர்கள் உங்களோடு சேர வேண்டுமானால் அவர்கள் கிணற்றுத் தண்ணீரின் கதையை முதலில் சொல்ல வேண்டும்.

பி.ஓ.டி.-ஐ ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். இந்தியத் தரமுறையில் 27 பாகையில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பார்கள். மாதிரியை ஐஸ் பெட்டியில், இருட்டில், அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை கொடுத்தால் பாதி பி.ஓ.டி. வழியிலேயே செத்திருக்கும். பணம் குறைவென்றால் சி.ஓ.டி. (அழுக்கை நுண்ணுயிருக்குப் பதில் ரசாயனத்தால் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) மட்டும் பாருங்கள், சில மணி நேரத்தில் முடிவு வரும், ஓடைகளை ஒப்பிட அது போதும்.

இவ்வளவும் சேர்த்த பிறகு கையில் இருப்பது துப்பு. சாட்சியம் வேறு. 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, நீதிமன்றத்தில் செல்லுபடியாக வேண்டிய மாதிரியை மாசு கட்டுப்பாட்டு வாரியம்தான், உரிமையாளருக்கு அறிவித்து, அவர் கேட்டால் இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு எடுக்க வேண்டும். நீங்கள் பெப்சி பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன தண்ணீருக்கு அங்கே மதிப்பில்லை. ஆனால் அதிகாரி எந்த இடத்தில், எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்று சொல்ல உங்கள் வரைபடத்தால் முடியும். ஆகவே புகாரில் ஆவேசம் வேண்டாம். ஓடை எண், இருப்பிடம், கடந்த நான்கு வாரத்தில் இ.சி. உச்சம் வந்த தேதியும் நேரமும், வரைபடம், படங்கள், "செவ்வாய், வெள்ளி இரவு 12 முதல் 3 மணிக்குள் திடீர் ஆய்வு செய்யக் கோருகிறோம்" என்று ஒரு வரி. ஒரே பக்கம். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அந்தப் பகுதியில் இயக்க இசைவு பெற்ற ஆலைகள் எவை, தினமும் எத்தனை லிட்டர் கழிவுநீருக்கு இசைவு என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். உங்கள் ஓடையில் ஓடுவதும் பட்டியலில் உள்ளதும் ஒத்துப்போகாத இடம்தான் அனுமதியில்லாத பட்டறை. வாரியம் அசையவில்லை என்றால் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 49-ஆம் பிரிவின்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து எந்தக் குடிமகனும் நீதிமன்றத்துக்குப் போகலாம்; பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 33-ஏ பிரிவில் மின் இணைப்பைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. மாட்டிய பட்டறையை இடித்த செய்தி வரும், சில மாதத்தில் இன்னொரு தோட்டத்தில் இன்னொன்று முளைக்கும். கருவியைக் கழற்றாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பிடிப்பது ஒரு பக்கம். மாற்று வழி சொல்லாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் ஊரில் பகைதான் மிஞ்சும், ஏனென்றால் பட்டறையில் வேலை செய்பவர் உங்கள் தெருவிலேயே இருப்பார்.

ஜவ்வரிசி ஆலைக்குச் சொல்லக்கூடியது லாபக் கணக்கு. ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் கழிவுநீர், சி.ஓ.டி. 5000 என்றால் அதில் 500 கிலோ கரிமச் சுமை இருக்கிறது. காற்றில்லாச் செரிப்பானில் (சாண எரிவாயுக் கலன் மாதிரி மூடிய தொட்டி) 80 சதவீதம் குறைந்தால், கிலோவுக்கு 0.35 கனமீட்டர் வீதம் 140 கனமீட்டர் மீத்தேன். எஞ்சினில் ஓட்டினால் சுமார் 350 யூனிட் மின்சாரம். பல ஆலைகள் ஏற்கெனவே இதைச் செய்கின்றன. தோற்கும் இடங்கள் மூன்று. புளித்த தண்ணீரை அப்படியே ஏற்றுவது (மீத்தேன் நுண்ணுயிருக்கு பி.எச். 7-ஐ ஒட்டி வேண்டும், சுண்ணாம்பால் சரிசெய்ய வேண்டும்), மாவை வெளுக்கப் போடும் ரசாயனத் தண்ணீரையும் அதே தொட்டியில் விடுவது (நுண்ணுயிர் அத்தனையும் சாகும்), வேலை இல்லாத மாதங்களில் செரிப்பானைப் பட்டினி போட்டுவிட்டு சீசன் தொடங்கிய முதல் நாளே முழு அளவு ஏற்றுவது. சாணக் கரைசலோடு கால் பங்கில் ஆரம்பித்து வாரங்களில் ஏற்ற வேண்டும். திப்பியையும் (மாவு எடுத்த பிறகு மிஞ்சும் மரவள்ளிச் சக்கை) தண்ணீரோடு விட்டால் தொட்டி மேல் ஆடை கட்டிக்கொள்ளும், முதலில் சல்லடை.

கொலுசுப் பட்டறைக்கு ஒரு பிளாஸ்டிக் டிரம் போதும். அமிலக் கழிவில் சாப்பாட்டு உப்பைக் கரைத்து ஊற்றினால் மிச்ச வெள்ளி சில்வர் குளோரைடாக வெள்ளை மாவுபோல் அடியில் இறங்கும். அதை எடுத்துச் சுத்திகரிப்பவரிடம் கொடுத்தால் காசு. மேலே நிற்கும் நீலத் தண்ணீரில் இரும்புத் துண்டுகளைப் போட்டு ஒரு நாள் விட்டால் செம்பு இரும்பின் மேல் படியும். கடைசியாகச் சுண்ணாம்புப் பால் சேர்த்து பி.எச். 8.5-க்கு மேல் ஏற்றித் தெளியவிட வேண்டும். எல்லாம் திறந்த வெளியில். பழுப்புப் புகை வந்தால் விலகி நில்லுங்கள். அடியில் படியும் சேற்றைச் சாக்கடையில் கொட்டினால் செய்ததெல்லாம் வீண்.

சாயத்துக்குச் சின்ன அளவில் வைத்தியம் இல்லை, இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உப்பைப் பிரிக்க எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.), அதன் மிச்சத்துக்கு ஆவியாக்கி, இரண்டும் வேண்டும். திருப்பூரில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு அந்த வழிக்குத்தான் போனார்கள். தனிப் பட்டறையால் இயலாது, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தாக வேண்டும். அது அரசும் சங்கமும் சேர்ந்து முடிவெடுக்கும் விஷயம்.

உங்கள் குழுவால் மிக அதிகம் சாதிக்க முடிவது சலிப்பான ஒரு வேலை: வீட்டு இணைப்பு. பாதாளச் சாக்கடை போன தெருவிலேயே பல வீடுகளின் செப்டிக் டேங்க் வழிநீர் இன்னும் மழைநீர் வடிகாலில்தான் விழும். டைல்ஸ் உடைக்க வேண்டும், டெபாசிட் கட்ட வேண்டும், பிளம்பர் வரமாட்டார். தெருவாரியாக வீட்டுப் பட்டியல் எடுத்து, ஒரே பிளம்பரை ஒரே வாரத்துக்கு மொத்தமாகப் பேசி, மாநகராட்சி ஆளை ஒருநாள் வரவழைத்து விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். பணம் இல்லாத வீட்டுக்கு உங்கள் நிதியிலிருந்து கொடுங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். செப்டிக் லாரி ஓடையில் கொட்டுவதைப் பார்த்தால் வண்டி எண்ணோடு மாநகராட்சிக்குப் புகார் கொடுங்கள்; வீட்டில் டேங்க் அள்ள 14420 எண்ணைக் கூப்பிடலாம்.

பாதாளச் சாக்கடை வராத புறநகரில், கல்வாழை நட்ட சரளைப் படுகை நன்றாக வேலை செய்யும். ஆனால் ஆளுக்கு ஒன்றரை சதுர மீட்டர் வேண்டும். 400 பேருக்கு 600 சதுர மீட்டர், அதாவது 15 சென்ட். நகருக்குள் அந்த இடம் யார் தருவார்? இடம் கிடைத்தால் 60 செ.மீ. ஆழம், 10–20 மி.மீ. சரளை, நுழைவாயில் ஒரு மீட்டருக்கு மட்டும் முட்டி அளவு கல், தண்ணீர் மட்டம் சரளைக்கு 5 செ.மீ. கீழே, அப்போதுதான் கொசு வராது. முன்னால் படிவுத் தொட்டி இல்லாமல் கட்டியவை இரண்டு வருடத்தில் அடைத்துக்கொள்ளும்.

ஈ.எம். உருண்டை தேங்கிய குட்டையில் சில நாள் வாசனையைக் குறைக்கலாம். ஓடுகிற சாக்கடையில் போட்ட நுண்ணுயிர் மாலைக்குள் அடுத்த ஊர் போய்விடும், ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் அதற்கு வேலையும் இல்லை.

மிதவைத் தடுப்பு பிளாஸ்டிக்கை மட்டும் பிடிக்கும்; தண்ணீரின் தரத்தில் மாற்றம் வராது. போட வேண்டுமென்றால் நீர்வளத்துறை அனுமதியோடு, கரைக்குச் சாய்வாக, குப்பை தானாக ஒரு ஓரம் ஒதுங்கும்படி போடுங்கள். விசையைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 15 மீட்டர் நீளம், 30 செ.மீ. நீருக்குள், வலை குப்பையால் அடைத்த நிலையில், விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில் சுமார் 340 கிலோ எடை இழுக்கும். வெள்ளத்தில் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு, 1300 கிலோவுக்கு மேல். அதனால் ஒரு முனையில் வேண்டுமென்றே பலவீனமான இணைப்பு ஒன்று வைக்க வேண்டும். வெள்ளத்தில் அது அறுந்து தடுப்பு கரையோரம் ஒதுங்கும். இல்லையேல் பாலத்தில் சிக்கிக்கொள்ளும். அள்ளிய சேற்றுப் பிளாஸ்டிக்கை யார் எடுத்துக்கொள்வார் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே தடுப்புக்கு ஆர்டர் கொடுங்கள். வாங்க ஆள் இல்லாமல் கரையில் குவித்தால் அடுத்த மழையில் அதே ஆற்றுக்குள் போகும்.

மலைப் பக்கத்தையும் விட்டுவிட முடியாது. ஏற்காட்டில் காபிப் பழம் உரிக்கும் மாதங்களில் வரும் கழிவுநீரும் புளித்தது, அமிலம். தண்ணீரைச் சிக்கனம் செய்யும் புதுவகை பல்ப்பர் (பழத்தோல் உரிக்கும் இயந்திரம்), சுண்ணாம்பு போட்ட படிவுக்குழி, தோலை உரமாக்குவது என்று வழிகள் தெரிந்தவைதான். தங்கும் விடுதிகளின் செப்டிக் டேங்க்தான் அங்கே பெரிய கேள்வி; விடுமுறைக் கூட்டத்தில் அது இரண்டு மூன்று மடங்கு நிரம்பும். விடுமுறை முடிந்த மறுநாள் ஓடைகளில் இ.சி. பேனாவும் விங்க்லர் குப்பியும் கொண்டுபோய்ப் பாருங்கள்.

5 லட்சத்தை என்னைக் கேட்டால் இப்படிப் பிரிப்பேன்: மூன்று இ.சி. கருவிக்கு 75 ஆயிரம், கைக்கருவிகளும் காலுறை, பூட்ஸ், கையுறையும் 40 ஆயிரம், ஆய்வகக் கட்டணம் 75 ஆயிரம், வீட்டு இணைப்புக்கு 1.5 லட்சம், கொலுசுப் பட்டறை டிரம்கள் ஒரு தெருவுக்கு 40 ஆயிரம். மீதி 1.2 லட்சத்தைத் தொடாமல் இரண்டாம் வருடப் பராமரிப்புக்கு வையுங்கள். நிறுவனம் திறப்பு விழாவுக்குப் பணம் தரும், பேட்டரி மாற்ற மறுபடி தராது. வேலையை ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஆரம்பித்தால் வழக்கமான கோடு எது என்றே தெரியாமல் போகும். முதல் கூட்டத்திலேயே முனை துடைக்கும் முறைப்பட்டியலைப் போட்டுவிடுங்கள்: இரண்டிரண்டு பேராக, ஞாயிறு காலை, ஒருவர் வராவிட்டால் அடுத்து யார் என்ற பெயரோடு.